மூன்று வழி ஸ்பீக்கர் செட்டுக்கு டிஜிட்டல் ப்ரொசசர் போட்ட அனுபவம்

இடது, வலது என்று பக்கத்துக்கு ஒரு 18 இஞ்ச் சப் (அடி ஒலிக்கு), அதன் மேல் ஒரு டாப். டாப்புக்குள் நடு ஒலிக்கு 12 இஞ்ச் மிட் ஸ்பீக்கர் ஒன்று, மேல் ஒலிக்கு ஹார்னில் பூட்டிய கம்ப்ரெஷன் டிரைவர் ஒன்று (இனி டிரைவர் என்றால் இதுதான்). இரண்டு பக்கமும் சேர்த்தால் ஆறு ஆம்ப் சேனல். இதுவரை இந்த செட்டுக்கு ஓர் அனலாக் கிராஸ்ஓவர்தான் ஒலியை அடி, நடு, மேல் என்று பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டு, 2 உள்ளீடும் 6 வெளியீடும் உள்ள டிஜிட்டல் ஸ்பீக்கர் ப்ரொசசரை வைத்தேன்.

மாற்றியதற்குக் காரணம் உண்டு. டிரைவரின் டயாபிரம் (அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய தகடு) அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. அனலாக் பெட்டியில் லிமிட்டர், அதாவது சிக்னல் எல்லை மீறாமல் பிடிக்கும் வசதி, கிடையாது. அதைவிடப் பெரிய தொந்தரவு பேச்சு. பாட்டு போட்டால் செட் சத்தமாகத்தான் இருக்கும், ஆனால் யாராவது மைக்கில் பேசினால் வார்த்தைகள் உள்ளே அமுங்கிப்போகும். இதிலும் ஒரு விசித்திரம்: வலது டாப்பில் பேச்சு ஓரளவு தெளிவாகக் கேட்கும், இடதில் கேட்காது. இடது பக்க டிரைவர்தான் பலவீனம் என்று எல்லோரும் முடிவுகட்டி வைத்திருந்தார்கள். டிரைவரை மாற்றிப்போட்டுப் பார்த்தும் இடது இடதாகவே இருந்தது.

ப்ரொசசரின் மெனுவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது ஈக்யூதான் (எந்த ஹெர்ட்ஸை ஏற்றுவது, இறக்குவது என்ற திருத்தம்). கலர் கலராக வளைகோடுகள், கை துறுதுறுக்கும். நான் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். முதலில் ஸ்பீக்கர் எரியாமல் பார்த்துக்கொள்ளும் வேலைகள், அப்புறம் ஒவ்வொரு பிரிவின் அளவு, அப்புறம் நேரம், எல்லாம் முடிந்தபிறகு ஈக்யூ. இந்த வரிசையை மாற்றினால் செய்த வேலையையே திரும்பச் செய்ய வேண்டி வரும். டிலேயை (ஒரு ஸ்பீக்கரின் ஒலியை வேண்டுமென்றே தாமதப்படுத்தும் அமைப்பை)த் தொட்டதும் கிராஸ்ஓவர் பகுதியில் மொத்த வளைவும் மாறிவிடும். அதற்கு முன் போட்ட ஈக்யூவுக்கு அர்த்தம் இருக்காது.

வயரிங்கில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் உள்ள ஆடியோ கனெக்டர்) என்றால் 1-ஆம் பின் கிரவுண்ட், 2 ஹாட், 3 கோல்ட். கேபிள்கள் அனைத்தையும் மல்டிமீட்டரில் கன்டின்யூட்டி பார்த்தபிறகே செருகினேன். வெளியீடுகளுக்குப் பெயர் வைப்பதில் மட்டும் சோம்பல் கூடாது: 1 சப் இடது, 2 மிட் இடது, 3 டிரைவர் இடது என்று மெனுவிலும் எழுதி, கேபிளின் இரண்டு முனையிலும் டேப் ஒட்டினேன். மூன்று வழி செட்டில் கேபிள் மாறிச் செருகப்பட்டால் விளைவு மோசமானது. சப்புக்குப் போக வேண்டிய சிக்னல் டிரைவருக்குப் போனால் டயாபிரம் ஒரு நொடி கூடத் தாங்காது.

அதனால்தான் டிரைவருக்குத் தொடராக ஒரு கெப்பாசிட்டரையும் போட்டேன். ப்ரொசசர் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். கேபிள் மாறினாலும், ஆம்ப் பழுதாகி டிசி வந்தாலும், யாரோ தவறான பிரீசெட்டை (சேமித்துவைத்த அமைப்பை)க் கூப்பிட்டாலும் ப்ரொசசர் காப்பாற்றாது, கெப்பாசிட்டர் காப்பாற்றும். 8 ஓம் டிரைவருக்கு 68 மைக்ரோஃபாரட் போட்டால் அது சுமார் 290 ஹெர்ட்ஸுக்குக் கீழே தடுக்கத் தொடங்கும். கிராஸ்ஓவரை 1.2 கிலோஹெர்ட்ஸில் வைத்தால் அதற்கு இரண்டு ஆக்டேவ் கீழே இது நிற்கிறது (ஹெர்ட்ஸ் பாதியானால் ஓர் ஆக்டேவ் கீழே). அங்கே கிராஸ்ஓவர் புள்ளியில் இதனால் வரும் ஃபேஸ் (அலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது, ஒரு முழு அலைக்கு 360 டிகிரி) மாற்றம் 14 டிகிரிதான், பின்னால் டிலேயைச் சரிசெய்யும்போது அதுவும் கணக்கில் சேர்ந்துவிடும். போலார் வகை எலக்ட்ரோலிடிக் வேண்டாம். ஃபிலிம் கெப்பாசிட்டர், நல்ல வோல்டேஜ் ரேட்டிங்கோடு.

அடுத்து கிராஸ்ஓவர். சப்புக்கும் மிட்டுக்கும் நடுவே 100 ஹெர்ட்ஸ், மிட்டுக்கும் டிரைவருக்கும் நடுவே 1.2 கிலோஹெர்ட்ஸ். இரண்டுமே லிங்க்விட்ஸ்-ரைலி என்ற ஃபில்டர் வடிவம், ஆக்டேவுக்கு 24 டெசிபெல் சரிவு. ஹியூலெட்-பேக்கார்டில் பொறியாளர்களாக இருந்த சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி இருவரின் பெயரில் வழங்கும் இந்த வடிவத்தை லிங்க்விட்ஸ் 1976-இல் கட்டுரையாக வெளியிட்டார். இதில் கிராஸ்ஓவர் புள்ளியில் இரண்டு பிரிவும் 6 டெசிபெல் இறங்கியிருக்கும், ஃபேஸும் ஒன்றாக இருக்கும். அதனால் இரண்டும் கூடும்போது மேடு பள்ளம் இல்லாமல் சமமாக வரும். பட்டர்வொர்த் என்ற இன்னொரு வடிவத்தில் 24 போட்டால் இறக்கம் 3 டெசிபெல்தான், கூட்டும்போது அந்த இடத்தில் 3 டெசிபெல் மேடு தட்டும். ஒரு விஷயம் மட்டும் நினைவிருக்க வேண்டும்: இந்தக் கணக்கெல்லாம் மின்சிக்னலுக்கு. ஸ்பீக்கரும் பெட்டியும் தங்கள் பங்குக்கு ஃபேஸைத் திருப்பும். மெனுவில் 24 என்று தெரிவது காற்றில் அப்படியே வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

சப் பெட்டி போர்ட் (காற்றுத் துளை) வைத்தது, டியூனிங் 38 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே போர்ட் பெட்டியில் கோனைப் பிடித்து நிறுத்தும் காற்றழுத்தம் இருக்காது. சத்தம் வராது, கோன் மட்டும் வெளியே வந்து வந்து போகும். அதனால் 38-லேயே 24 டெசிபெல் ஹைபாஸ் (அதற்குக் கீழே தடுக்கும் ஃபில்டர்) வைத்தேன். "அடி குறைந்துவிடுமே" என்று சிலர் இதை 20-க்கு இறக்குவார்கள். அந்த அடியைக் காது கேட்பதில்லை, வாய்ஸ் காயில்தான் வாங்கிக்கொள்கிறது.

லிமிட்டரில்தான் கொஞ்சம் நேரம் செலவழித்தேன். கணக்கு எளிது. ஸ்பீக்கரின் தொடர்ச்சியான வாட்ஸை ஓமால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் ஆம்ப் வெளியீட்டில் எத்தனை வோல்ட் வரை விடலாம் என்று வரும். அதை ஆம்பின் கெயினால் வகுத்தால் ப்ரொசசர் வெளியீட்டில் விடக்கூடிய வோல்ட். சப் 1000 வாட்ஸ், 8 ஓம்: 89.4 வோல்ட். ஆம்பின் கெயின் 32 டெசிபெல், அதாவது 40 மடங்கு. 40-ஆல் வகுத்தால் 2.24 வோல்ட், அது +9.2 டிபியு. மிட் 400 வாட்ஸ்: 56.6 வோல்ட், 1.41 வோல்ட், +5.2 டிபியு. (0 டிபியு என்பது 0.775 வோல்ட்.)

டிரைவருக்கு வரும்போது வேறொரு பிரச்சினை குறுக்கே வந்தது. ஹார்னோடு சேர்ந்த கம்ப்ரெஷன் டிரைவர், 1 வாட்ஸுக்கு 1 மீட்டரில் 110 டெசிபெல் பக்கம் கொடுக்கும். மிட் 100 பக்கம்தான். அப்படியென்றால் டிரைவரைப் பத்து டெசிபெல் அளவுக்கு இறக்கியாக வேண்டும். ப்ரொசசரின் வெளியீட்டில் இறக்கினால் சிக்னல் குறையும், ஆனால் ப்ரொசசரின் கடைசிப் படியில் பிறக்கும் இரைச்சல் அப்படியே 40 மடங்கு பெருகி ஹார்னில் "ஸ்ஸ்ஸ்" என்று வந்து நிற்கும். ஆம்பில் இறக்கினால் இரைச்சலும் சேர்ந்து இறங்கும். டிரைவர் ஆம்பில் கெயின் மாற்றும் சுவிட்ச் இருந்தது. 32-இலிருந்து 26 டெசிபெலுக்கு மாற்றினேன், அதாவது 20 மடங்கு. அமைதியான அறையில் வித்தியாசம் உடனே தெரிந்தது. மிச்சத்தை மட்டும் ப்ரொசசரில் இறக்கினேன். இப்போது லிமிட்டர் கணக்கு: 80 வாட்ஸ், 8 ஓம், 25.3 வோல்ட், 20-ஆல் வகுத்தால் 1.26 வோல்ட், +4.3 டிபியு.

இந்தக் கணக்கு முழுவதும் ஆம்பின் கெயின் மாறாது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. பின்னால் யாராவது அந்தச் சுவிட்சை மறுபடி 32-க்குத் தள்ளினால் டிரைவருக்கு இரண்டு மடங்கு வோல்ட், நான்கு மடங்கு பவர் போகும்; லிமிட்டர் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். அதனால் ஆம்பின் திருகிகள், சுவிட்சுகள் எல்லாவற்றின் மேலும் டேப் ஒட்டி, மேலே கெயினை எழுதிவைத்தேன்.

கணக்கை அப்படியே நம்பாமல் மீட்டரில் அளந்தும் பார்த்தேன். ஸ்பீக்கர் கேபிள்களைக் கழற்றிவிட்டு, சப் சேனலுக்கு 60 ஹெர்ட்ஸ் சைன் அலை கொடுத்து, லிமிட்டர் பிடிக்கும்வரை ஏற்றி, ஆம்ப் வெளியீட்டில் வோல்ட் பார்க்க வேண்டும். இது வீட்டு மின்சாரம் மாதிரியே அடிக்கக்கூடிய வோல்டேஜ், அதனால் மீட்டரின் கம்பிகளை முதலில் பூட்டிவிட்டுப் பிறகுதான் சிக்னல். பல மல்டிமீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் ஏசியைச் சரியாக அளக்காது என்பதால், மிட்டுக்கும் டிரைவருக்கும் கிராஸ்ஓவரைத் தற்காலிகமாக பைபாஸ் செய்து, குறைந்த ஹெர்ட்ஸிலேயே அளந்தேன். முடிந்ததும் ஸ்பீக்கரைச் செருகுவதற்கு முன் கிராஸ்ஓவரைத் திரும்பப் போட வேண்டும். இதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டிரைவர் ஆம்ப் மேலேயே ஒட்டிவைத்துக்கொண்டேன்.

அளந்தது வீண்போகவில்லை. மிட்டில் 56 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 40-தான் வந்தது. சரியாக 3 டெசிபெல் குறைவு. ப்ரொசசர் அந்த எண்ணை உச்ச வோல்டேஜாக எடுத்துக்கொள்கிறது, நான் கணக்குப் போட்டது ஆர்எம்எஸ்ஸில் (மீட்டர் காட்டும் பயனுறு அளவில்). எல்லா லிமிட்டரையும் 3 டெசிபெல் ஏற்றியதும் மீட்டரும் காகிதமும் ஒத்துப்போயின. வேறு ப்ரொசசரில் வேறு விதமாக இருக்கலாம், அதனால் என் எண்களை அப்படியே எடுத்துப் போட வேண்டாம்; அளந்து பார்த்துப் போடுங்கள். அட்டாக் நேரத்தை (எல்லை மீறியதும் லிமிட்டர் பிடிக்க எடுக்கும் நேரத்தை) டிரைவருக்கு 1 மில்லி விநாடிக்குள், மிட்டுக்கு 4, சப்புக்கு 45 என்று வைத்தேன். சப்பில் வேகமான அட்டாக் வைத்தால் லிமிட்டர் ஒவ்வொரு அலையின் வடிவத்தையே நசுக்கி, அடியைக் கரகரப்பாக்கும்.

இனி நேரம். அளவிடும் மைக்கைத் தரையில் படுக்கவைத்து, டாப்பைத் தனியாக எடுத்துக்கொண்டேன். மைக் தரையோடு இருந்தால் தரையில் பட்டு வரும் எதிரொலி தனியாகப் பிந்தி வராது, அளவு சுத்தமாக இருக்கும். மென்பொருளுக்கு ரூம் ஈக்யூ விசார்ட், ஓப்பன் சவுண்ட் மீட்டர் என்று இலவசமாகவே நல்லவை இருக்கின்றன. இடது டாப்பில் டிலே எதுவும் போடாமல் மிட்டையும் டிரைவரையும் சேர்த்து ஓடவிட்டுப் பார்த்தால் 1.2 கிலோஹெர்ட்ஸில் ஆழமான பள்ளம். பேச்சின் தெளிவு தங்கியிருக்கும் இடத்தின் நடுவில்!

காரணம் பெட்டியைத் திறந்தாலே தெரியும். ஹார்னின் பின்னால் டிரைவர் உட்கார்ந்திருக்கிறது. அதன் டயாபிரம் மிட் கோனைவிடச் சுமார் 16 சென்டிமீட்டர் பின்னே. 20 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும், 1 மில்லி விநாடிக்கு 34 சென்டிமீட்டர். அப்படியானால் டிரைவரின் ஒலி மிட்டைவிட 0.47 மில்லி விநாடி தாமதமாக வருகிறது. 1.2 கிலோஹெர்ட்ஸில் ஒரு முழு அலைக்கு 0.83 மில்லி விநாடி, அரை அலைக்கு 0.42. அதாவது இரண்டும் ஏறக்குறைய நேர் எதிராக வந்து ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன. இந்தப் பள்ளத்தை ஈக்யூவால் நிரப்பவே முடியாது. 1.2-ஐ ஏற்றினால் மிட்டும் ஏறும், டிரைவரும் ஏறும், இன்னும் பலமாக அழித்துக்கொள்ளும்.

சரி, வலது டாப்பில் மட்டும் எப்படித் தெளிவாக வந்தது? அங்கே அளந்தால் 1.2-இல் பள்ளமே இல்லை, அழகாகக் கூடியிருந்தது. மிட்டைத் தனியாக அளந்தபோது ஃபேஸ் இடதுக்கு நேர்மாறாக இருந்தது. ஒரு 9 வோல்ட் பேட்டரியை மிட்டின் கம்பியில் தொட்டுப் பார்த்தேன்: இடதில் பிளஸ்ஸுக்கு பிளஸ் வைத்தால் கோன் வெளியே வந்தது, வலதில் உள்ளே போனது. எப்போதோ கோன் மாற்றியபோது பெட்டிக்குள் வயரைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்தார்களா தற்செயலா என்று சொல்ல முடியாது. ஏனென்றால் டிலே இல்லாத செட்டில் அந்தத் திருப்பல் 1.2-இல் நன்மைதான் செய்தது. நேரக்கணக்கில் 200 டிகிரி அளவுக்குத் தள்ளியிருந்ததை, இன்னொரு 180 டிகிரி திரும்பவும் சேர்த்துவைத்துவிட்டது. ஆக இத்தனை நாள் பலவீனம் என்று பெயர் வாங்கிய இடது டாப்தான் ஒழுங்காக வயர் செய்த பெட்டி, வலதுதான் தலைகீழ்.

அந்தத் திருப்பலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இரண்டு மிட்டும் எதிரெதிரே தள்ளினால், நடுவில் நிற்பவருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் ஒரே குரல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நடுவரிசையில் உட்கார்ந்தவர்கள்தான் அதிகம் குறை சொன்னார்கள் என்பது அப்போதுதான் பிடிபட்டது. ப்ரொசசரில் ஒரு பட்டனைத் தட்டினால் வலது மிட்டின் பொலாரிட்டி (பிளஸ், மைனஸ் திசை) திரும்பிவிடும். நான் அப்படிச் செய்யவில்லை, பெட்டியைத் திறந்து வயரையே மாற்றினேன். நாளை இடதும் வலதும் மாறி வைக்கப்பட்டால் மெனுவில் செய்த திருத்தம் தப்பான பெட்டிக்குப் போய்ச் சேரும்.

வயர் சரியானதும் இரண்டு பக்கமும் மிட்டுக்கு டிலே கொடுத்தேன். சரியான அளவைக் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி இருக்கிறது: டிரைவரின் பொலாரிட்டியை வேண்டுமென்றே திருப்பிவிட்டு, கிராஸ்ஓவர் புள்ளியில் பள்ளம் எங்கே மிக ஆழமாகிறது என்று டிலேயை நகர்த்திப் பார்ப்பது. ஆழம் உச்சத்தில் இருக்கும்போது பொலாரிட்டியை நேராக்கினால் அங்கே முழுதாகக் கூடும். பள்ளம் கூர்மையாகத் தெரியும், மேடு அப்படித் தெரியாது. அதனால்தான் தலைகீழாகத் தேடுகிறோம். எனக்கு 0.47-லேயே நின்றது. ஆனால் ஒரு முழு அலை தள்ளியும் இதே போன்ற பள்ளம் கிடைக்கும், அதில் ஏமாறக் கூடாது. அளவு நாடா வைத்து அளந்த தூரத்தோடு ஒத்துப்பார்த்துக்கொள்வது நல்லது.

சப்போடு டாப்பைச் சேர்ப்பது வேறு மாதிரி. 100 ஹெர்ட்ஸில் ஓர் அலைக்கு 10 மில்லி விநாடி, 1 மில்லி விநாடி தவறினால் 36 டிகிரிதான். அவசரமில்லை என்று தோன்றும். ஆனால் சப் பெட்டியின் போர்ட்டும், அந்த 38 ஹெர்ட்ஸ் ஹைபாஸும் சேர்ந்து சப்பைத் தாமதப்படுத்துகின்றன. டாப் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாலும் தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் சரிவராது. சப், டாப் இரண்டின் ஃபேஸ் கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, 70-இலிருந்து 150 வரை இரண்டும் ஒட்டிப் போகும்வரை டாப்பை நகர்த்தினேன். 2.6 மில்லி விநாடியில் ஒட்டியது. அதை மிட், டிரைவர் இரண்டுக்கும் சேர்த்துக் கூட்டினேன்; இல்லாவிட்டால் ஏற்கெனவே சரிசெய்த 0.47 கெட்டுவிடும்.

100-இல் மட்டும் பொருத்தினால் போதாதா, 70 முதல் 150 வரை எதற்கு? சப்பை எப்படியும் யாராவது ஏற்றுவார்கள். மிட்டைவிட 6 டெசிபெல் ஏற்றினால் இந்தச் சரிவில் இரண்டும் சந்திக்கும் இடம் 100-இலிருந்து 119 ஹெர்ட்ஸுக்கு நகர்ந்துவிடும், 12 ஏற்றினால் 141-க்கு. கோடுகள் அங்கேயும் ஒட்டியிருந்தால்தான் ஏற்றியது அப்படியே காதுக்கு வரும்.

ஈக்யூவுக்கு வந்தபோது வேலை கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. ஹார்ன் ஒலியை அகலமாகப் பரப்புவதால் மேலே 4 கிலோஹெர்ட்ஸுக்கு அப்பால் அளவு சரியும். டிரைவர் வெளியீட்டில் ஒரு ஹை ஷெல்ஃப் போட்டு அந்த மேல் பகுதியை ஏற்றினேன். மிட்டில் 300 ஹெர்ட்ஸ் பக்கம் ஸ்பீக்கர் பெட்டியால் வரும் ஒரு மேடு. 4 டெசிபெல் இறக்கினேன். இவை ஸ்பீக்கரின் குணம், அதனால் வெளியீட்டில் போட்டேன். கூடத்துக்குக் கூடம் மாறுவதை உள்ளீட்டு ஈக்யூவில் விட்டுவிட்டேன். மிட்டில் 500 பக்கம் ஒரு பள்ளமும் தெரிந்தது. மைக்கை ஓர் அடி நகர்த்தினேன், பள்ளமும் இடம் மாறியது. அது சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, அதைத் தொடவில்லை.

எஃப்ஐஆர் ஃபில்டரையும் (அளவைத் தொடாமல் ஃபேஸை மட்டும் திருத்தக்கூடிய டிஜிட்டல் ஃபில்டர்) இந்த ப்ரொசசர் தரும். ஃபேஸை நேராக்கக் கவர்ச்சியான வசதிதான். ஆனால் 48 கிலோஹெர்ட்ஸில் 1024 படி (tap) நீளமுள்ள லீனியர் ஃபேஸ் ஃபில்டர் என்றால் 10.7 மில்லி விநாடி தாமதம். மேடைக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் இருக்கும் செட்டுக்கு அது எனக்குத் தேவைப்படவில்லை.

ஓட்டும்போது வழக்கம் இதுதான். முதலில் மிக்சர், அடுத்து ப்ரொசசர், அது முழுதாக எழுந்தபிறகு ஆம்ப். அணைக்கும்போது ஆம்ப் முதலில். ஒவ்வொரு முறை செட் கட்டியதும் எல்லா வெளியீட்டையும் மியூட் செய்து, மெல்லிய பிங்க் நாய்ஸ் (எல்லா ஹெர்ட்ஸும் கலந்த சோதனை இரைச்சல்) விட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து அந்த அந்த ஸ்பீக்கரில்தான் வருகிறதா என்று கேட்க வேண்டும். முதலில் டிரைவர் வெளியீட்டைத் திறப்பேன். அங்கே "ஹும்" என்று கனமான சத்தம் வந்தால் கேபிள் மாறியிருக்கிறது. அந்த மெல்லிய அளவிலும் கெப்பாசிட்டர் இருப்பதாலும் டயாபிரத்துக்கு ஆபத்தில்லை.

முன்பலகையைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட்டேன். பிரீசெட்டின் பிரதி ஒன்றை வெளியேயும் வைத்திருக்கிறேன். மிக்சரில் நிற்கும் தம்பி பாதியில் கேட்பான், "அண்ணே, சப் லிமிட்டர் லைட் எரியுது, ப்ரொசசர்ல கொஞ்சம் தளர்த்தலாமா?" என்று. விட்டுவிட்டு எரிந்தால் அது தன் வேலையைச் செய்கிறது, விடு என்பேன். அணையாமல் நின்று எரிந்தால் மிக்சரில் இறக்கு, இல்லையென்றால் அடுத்த தடவை இன்னொரு ஜோடி சப் கொண்டுவா. லிமிட்டரை மட்டும் தளர்த்துவதில்லை.

இடமும் வெப்பமும் மாறும்போது பெட்டிக்குள் போட்ட டிலேக்களைத் தொட வேண்டியதில்லை. 16 சென்டிமீட்டரில் வெப்பம் செய்யும் வித்தியாசம் ஒன்றுமில்லை. பின்வரிசைக்காக 40 மீட்டர் தள்ளி டிலே ஸ்பீக்கர் நிறுத்தினால் மட்டும் பார்க்க வேண்டும்: 20 டிகிரியில் அந்தத் தூரத்துக்கு 116.6 மில்லி விநாடி, 35 டிகிரியில் 113.7. பகலில் செட் செய்து இரவில் ஓட்டினால் அந்த மூன்று மில்லி விநாடி வித்தியாசத்தைத் திரும்பச் சரிபார்த்துக்கொள்கிறேன்.